அபிப்பிராயம் எழுத விட்ட இடம்

1

உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தபாலில் வந்தது.

நான் ஒரு சப் ரிஜிஸ்ட்ரார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வந்து பத்திரம் பதிகிற இடம். கச்சேரி எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வரலாம், அவ்வளவு தெரிந்தால் போதும். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். மூன்று கதைகள் அச்சாகியிருக்கின்றன. மூன்றிலும் கதை சொல்லுகிறவன் நல்லவன்.

இந்த நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் வெடி போட்டார்கள். நானும் கச்சேரியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஒரு மனு. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கச்சேரியிலிருந்து நீக்கப்பட்ட அட்டெண்டர் ஒருவர், புது ராஜ்யத்திலாவது தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். வருகிற ஜனவரியோடு தனக்கு வேலைக்கான வயது தாண்டிவிடும், அதற்குப் பிறகு கேட்டும் பயனில்லை என்றும் எழுதியிருந்தார். மனுவின் அடியில் மேலிடத்தார் ஒரு கட்டம் போட்டு, அதன் தலையில் 'கச்சேரியின் அபிப்பிராயம்' என்று எழுதி, உள்ளே வெறுமையாக விட்டிருந்தார்கள்.

எங்கள் புது ஆபீசர் திருநெல்வேலிக்காரர். பழைய ஃபைல்கள் எல்லாம் மலையாளத்தில் இருப்பதால் அவருக்கு ஓர் எழுத்தும் புரியாது. "நீங்கதானே அப்போ இங்க இருந்தது? நீங்களே எழுதிருங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்று மனுவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். அதை எழுத முடியாமல்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

"ஞானையன் மிகவும் நல்லவர், உழைப்பாளி, கடவுள் பயம் உள்ளவர்."

[அடித்துவிட்டேன். அந்த அட்டெண்டர் நல்லவராக இல்லாதிருந்தால் நான் செய்தது சரியாகிவிடுமா?]

"1952-ஆம் வருஷம் ஆவணி மாதம். காலையில் பெய்த மழை விட்டு, கச்சேரி ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்த—"

[அடித்துவிட்டேன். வெட்கத்தைப் பற்றிய கதையில் மழையைப் பெய்யவிட்டால் வாசகர் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் தப்பித்துவிடுவேன்.]

"அந்தக் காலத்தில் எங்கள் கச்சேரியில் ஜாதி வித்தியாசம்—"

[பாதியில் நிறுத்தினேன். 'அந்தக் காலம்' என்பது நாலு வருஷத்துக்கு முன்பு. அப்போது பிடித்த குடையைத்தான் இப்போதும் பிடிக்கிறேன்.]

"நான் ஜான்ரோஸ்."

இது இருக்கட்டும். (என் பெயர் ஜான்ரோஸ் இல்லை. ஞானையனின் பெயரும் ஞானையன் இல்லை. கதையில் எல்லோருக்கும் பெயரை மாற்றிவிட்டேன். பெயரை மாற்றினால்தான் எழுத வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.)

3

கதைக்குள் போகுமுன் ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கச்சேரிக்கு வராதவர்களுக்கு அது தெரியாது.

பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர் எழுத்துத் தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும் இடது கைப் பெருவிரலைப் பதிக்க வேண்டும். பதிப்பது என்றால் அவராக அமுக்குவதில்லை. தானாக அமுக்கினால் மை அப்பிக்கொண்டு ரேகை தெரியாது. அட்டெண்டர்தான் அந்த விரலைப் பிடிப்பார். முதலில் துணியால் துடைப்பார். பிறகு நகத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, தகட்டில் தடவியிருக்கும் மையில் ஒரு தடவை உருட்டி, விரல் புத்தகத்தில் ஒரு தடவை உருட்டி எடுப்பார். அதற்குள் ஆயிரம் தடவை சொல்லுவார்: "கையைத் தளத்தி விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்." கடைசியில் மண்ணெண்ணெய்த் துணி கொடுப்பார். புத்தகத்தில் ரேகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. விரலைப் பிடித்தவர் அதில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும்.

ஆகவே அட்டெண்டர் வேலை என்பது அடுத்தவர் கையைப் பிடிக்கும் வேலை. அந்த வேலைக்கு, சர்க்கார் ஒதுக்கிய இடத்தில், பரீட்சை எழுதித் தேறி, நியமன உத்தரவோடு வந்தவர் ஞானையன். வயது இருபத்தொன்பது. சாம்பவர்.

(இந்தக் கடைசிச் சொல்லை எழுதலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் நாகரிகமாக இருக்கும். ஆனால் கச்சேரியில் நாங்கள் அவரைப் பார்த்தபோது முதலில் பார்த்தது அதைத்தான். உத்தரவில் பெயருக்கு முன்னால் எங்கள் கண் அங்கேதான் போனது.)

4

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் நாடார், கிறிஸ்தவன், மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

என் அப்பா ஒரு துண்டு விளை நிலம் வாங்கிய காலத்தில் பத்திரம் பதிய இதே மாதிரி ஒரு கச்சேரிக்குப் போனார். அவரை உள்ளே விடவில்லை. முற்றத்தில் நிற்க வைத்து, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டச் சொன்னார்கள். உள்ளேயிருந்த பியூன் வாழையிலைத் துண்டு ஒன்றைக் கிழித்து, அதைச் சுற்றி அப்பாவின் விரலைப் பிடித்தான். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "எலைய வச்சுப் பிடிச்சதுல மை ஒழுங்காப் பதியல்ல மக்கா. மூணு தடவ வச்சான். மூணு தடவயும் புது எல" என்பார்.

நான் இந்த உத்தியோகத்துக்கு வந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இப்பம் எல உண்டா?" என்பதுதான். இல்லை என்று சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இந்தக் கதையில் தெரியாமல் செய்தவன் ஒருவனும் இல்லை.

5

இனி அந்தக் காட்சி. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. அப்படியே தருகிறேன்.

பெரிய வீட்டுத் தாணம்மாள் தன் மகள் பெயருக்கு வயல் எழுதிவைக்க வந்திருந்தாள். விதவை, அறுபது வயது, ஊரில் பாதி வயல் அவள் பெயரில்தான். சப் ரிஜிஸ்ட்ரார் பகவதியப்பன் பத்திரத்தை வாசித்துக் காட்டி முடித்தார். அவரை நாங்கள் எல்லோரும் ஏமான் என்போம். ஞானையன் வேலைக்கு வந்து அன்று மூன்றாம் நாள், அதுவரை பத்திரத்துக்கு யாரும் வரவில்லை. அவர் மையைத் தகட்டில் தடவி, துணியை மடித்துக்கொண்டு, "அம்மா, கையத் தாருங்க" என்று முன்னால் வந்தார்.

தாணம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இவனா எனக்க கையப் பிடிக்கது?" என்றாள்.

ஏமான் சட்டப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஜான்ரோஸே, நீரு எழும்பும்" என்றார்.

என் மனம் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்தேன். மேலதிகாரியின் வார்த்தையை மீற முடியாத ஒரு ஏழைக் குமாஸ்தாவின்—

இங்கே நிறுத்துகிறேன். காட்சி நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்து என் மனைவி ஜெபகுமாரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். என் கதைகளுக்கு முதல் வாசகர் அவள்தான். காய்கறி நறுக்கிக்கொண்டே வாசித்தாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தாணம்மா இப்பிடியா பறஞ்சாவ?"

"ஆமா."

"இஞ்ச பாருங்க, அவிய வயல்ல அறுப்புக்கு வாற பெண்ணுகளுக்கு அவியதான் பேறு பாத்தது. எந்த ஜாதின்னு பாக்க மாட்டாவ. குட்டிய அந்தக் கையிலதான் ஏந்துவாவ. அவியளா இப்பிடிப் பறஞ்சாவ?"

அவள் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடியும் வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

6

இரண்டாவது தடவை எழுதியது:

ஞானையன் முன்னால் வந்தார். தாணம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏமானின் முகம் மாறியது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். நான் எழுந்தேன்.

ஒருத்தியின் தலையிலிருந்து பழியை இறக்கி இன்னொருவர் தலையில் வைத்தாயிற்று. தாணம்மாள் போன வருஷம் இறந்துவிட்டாள், ஏமான் கேரளப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். செத்தவர்மீதும் ஊரைவிட்டுப் போனவர்மீதும் பழியைப் போட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? கதை எழுதுவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும்.

ஜெபகுமாரியிடம் இதைக் காட்டவில்லை.

7

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, அடியில் இடம் இல்லாததால் இங்கே.)

ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானையனும் நானும் ஒரே கோவிலுக்குத்தான் போவோம். நற்கருணையில் ஒரே கிண்ணத்தில் குடிப்போம். நான் முன்வரிசையில் குடித்துவிட்டு வருவேன், அவர் கடைசி வரிசையில் குடிப்பார். எச்சில் என்று பார்த்தால் என் எச்சிலைத்தான் அவர் குடித்தார். அவருடைய எச்சில் ஒரு நாளும் என் வாய்க்கு வந்ததில்லை. இதை இத்தனை வருஷமும் நான் கவனித்ததே இல்லை. இந்தக் கதையை எழுதும்போதுதான் கவனித்தேன். ஆகவே கதை எழுதுவதில் கொஞ்சம் பிரயோசனமும் இருக்கிறது.

8

அன்றைக்கு நான் எழுந்தது எழுந்ததுதான். மறுநாள் ஒரு பனையேறி வந்தார். ஞானையன் மையைத் தடவி வைத்துவிட்டு மூன்றடி பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தார். நான் போய் விரலைப் பிடித்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் அது கச்சேரி வழக்கமாகிவிட்டது. ஏமானும், "கொள்ளாம், அப்பிடியே நடக்கட்டும்" என்றார்.

யார் வந்தாலும் நான்தான். ஒரு நாள் ஞானையனின் சொந்த மாமாவே ஒரு பத்திரத்துக்கு வந்தார். அந்த மனிதர் தன் கையை மருமகனிடம்தான் நீட்டினார். ஞானையன் கைகளைக் கட்டிக்கொண்டு, "அந்தச் சாரு பிடிப்பாரு மாமா" என்றார். நான் பிடித்தேன். மாமாவின் விரல் விறைத்துக்கொண்டிருந்தது. தளர்த்தி விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேகை கலங்கித்தான் விழுந்தது. விரல் புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் என் எழுத்தும் இருக்கிறது. ஒன்பது மாதத்துக்கு எல்லாக் கட்டத்திலும் என் எழுத்துதான்.

ஞானையன் மற்ற வேலையெல்லாம் செய்தார். கட்டு சுமந்தார், முத்திரை குத்தினார், தகட்டைத் துடைத்தார். ஒரு நாள் லீவு எடுக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்த அட்டெண்டரை நிரந்தரமாக்கலாமா, வேலை எப்படி என்று கேட்டிருந்தார்கள். ஏமான் என்னிடம் கொடுத்தார். "எழுதும். உள்ளதை எழுதினாப் போதும்" என்றார்.

நான் உள்ளதைத்தான் எழுதினேன். "இவர் தம் முக்கியப் பணியான விரல் பதித்தலில் ஒரு முறையேனும் ஈடுபட்டதில்லை. விரல் புத்தகத்தைப் பார்வையிட்டால் இது விளங்கும்." மலையாளத்தில் இது இன்னும் அழகாக இருந்தது. நாலு வரியில் ஒரு பொய் இல்லை. யார் வேண்டுமானாலும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அவர் எழுத்து எங்கும் இருக்காது. நான் இதுவரை எழுதியதில் ஒரு பொய்யும் இல்லாத எழுத்து அது ஒன்றுதான். அதைக்கொண்டு ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பினேன்.

(ஏன் அப்படி எழுதினேன்? 'ஏமானுக்குப் பயந்து' என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் உள்ளதை எழுதச் சொன்னாரே தவிர எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. காரணத்தைச் சொல்ல நாக்கு கூசுகிறது. நான் பிடிக்கிறேன், அவர் விலகி நிற்கிறார் என்ற அந்த ஒன்பது மாதத்தில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அப்பாவின் கையைச் சுற்றிய இலை இப்போது வேறொருவர் கைக்குப் போய்விட்டது என்ற சுகம். அவர் நிரந்தரமானால் ஒரு நாள் அந்தப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தாக வேண்டும். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.)

9

நீக்க உத்தரவு வந்த அன்று ஞானையன் என் மேசைக்கு வந்தார். இதை இரண்டு தடவையும் கதையில் எழுதாமல் விட்டுவிட்டேன். இதை எழுதினால் முந்தின காட்சி இரண்டும் பொய் என்று ஆகிவிடும்.

"சாரே, ஒண்ணு கேட்டா கோவப்படுவியளா?"

"கேளும் ஓய்."

"அந்தத் தாணம்மா வந்தப்பம்... நீங்க எதுக்கு எழும்புனிய?"

"ஒம்ம நன்மைக்குத்தான். அவிய கையை இழுத்திருந்தா ஒமக்கல்லா நாணக்கேடு?"

ஞானையன் "இல்ல சாரே. அவிய கைய நீட்டிட்டுல்லா இருந்தாவ" என்றார்.

"ஒமக்குத் தெரியாது" என்றேன் நான்.

"செரி சாரே" என்று சொல்லிவிட்டு, தகட்டைக் கடைசியாக ஒரு தடவை துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே மூன்றாவது தடவை அந்தக் காட்சி இவ்வளவுதான். இதில் வில்லனாக நடிக்க வேறு ஆள் வேண்டாம்:

ஞானையன் "அம்மா, கையத் தாருங்க" என்றார். ஏமான் பத்திரத்துக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தாணம்மாளின் இடது கை மேசைமேல் இருந்தது. வலது கையால் வெற்றிலைப் பையைச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் எழுந்து ஓடிப்போய், "அம்மா, நான் பிடிக்கேன்" என்று குறுக்கே கையை நீட்டினேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், ஞானையனை ஒரு தடவை பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கையைக் கொடுத்துவிட்டாள்.

ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்கப்போகிறார்கள் என்று நானே முடிவு கட்டி, நானே மரியாதை காட்டி, நானே ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டேன். அவள் அன்று ஞானையனிடம் கையைக் கொடுத்திருந்தால் அந்த ஊரில் யாருக்குத்தான் பிறகு வாய் திறக்கத் தைரியம் வந்திருக்கும்? பெரிய வீட்டம்மாளே கொடுத்த கை. அந்த ஒரு நிமிஷத்தை நான் எழுந்து மறித்துவிட்டேன்.

10

மனுவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அதில் ஞானையன் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. 'விரல் பதிக்கும் வேலை எனக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். அது உண்மை என்று எனக்கும் தெரியும். போன மாதம் மலையாளக் கட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது முத்திரைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கட்டு கழிவுக் காகிதம் கிடைத்தது. பின்பக்கமெல்லாம் பெருவிரல் ரேகை. ஒரே விரல், நூற்றுக்கணக்கில். தன் இடது விரலைத் தன் வலது கையாலேயே பிடித்துப் பழகியிருக்கிறார். முதலில் உள்ளவை கலங்கியிருந்தன. கடைசியில் உள்ளவை நான் பதித்த ரேகைகளைவிடத் தெளிவாக இருந்தன.

மனுவின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு ரேகை இருக்கிறது. கோடு கோடாக எண்ணலாம், அவ்வளவு சுத்தம். அதன் கீழே சிறிய எழுத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: 'இப்போது கல் உடைக்கும் வேலை. என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. ஆகையால் இது என் மனைவி ஜெயபாயின் இடது பெருவிரல். பிடித்துப் பதித்தது நான்.' பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருக்கிறார்.

ஒன்பது மாதத்தில் எங்கள் புத்தகத்தில் ஒரு தடவைகூட எழுத விடாத அந்த எழுத்து.

அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது என்று எழுதலாம். வரவில்லை. ஃபைலை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

11

முடிவுகள்.

முதல் முடிவு: ஜான்ரோஸ் உண்மையை எழுதிவிடுகிறான். ஞானையன் திரும்பி வருகிறார். முதல் நாள் தாணம்மாளே வந்து கையை நீட்டுகிறாள். [அவள் செத்துப்போனதை மறந்துவிட்டேன்.]

இரண்டாவது முடிவு: ஜான்ரோஸ், 'பழைய ஃபைலில் உள்ளபடி இவர் தகுதியற்றவர்' என்று எழுதி அனுப்புகிறான். பிறகு வாழ்நாள் முழுவதும் வருந்துகிறான். [வருந்துவதற்குச் சம்பளம் குறையாது. ஆகவே வருந்துவான். இதை நம்பலாம்.]

மூன்றாவது முடிவு: உண்மையை எழுதியதால், பழைய அறிக்கையில் உண்மையை மறைத்ததாக ஜான்ரோஸ்மீது விசாரணை வருகிறது, தலைமைக் குமாஸ்தா வேலை போகிறது, மூன்று பெண் பிள்ளைகளும்— [எழுத முடியவில்லை. நான் இதுவரை கட்டத்தை நிரப்பாததற்கு இதுதான் காரணம், எழுத்துக்கலை காரணம் அல்ல.]

நான்காவது: முடிவை வாசகரிடமே விட்டுவிடுவது. நவீனமாகவும் இருக்கும். இதுதான் சரி என்று தீர்மானித்து, நேற்றுச் சாயங்காலம் ஜெபகுமாரியிடம் எல்லாப் பக்கத்தையும் கொடுத்தேன். இந்தத் தடவை காய்கறி நறுக்காமல் வாசித்தாள். வாசித்து முடித்தபிறகு வெகுநேரம் என்னைப் பார்க்கவில்லை. என்னை இத்தனை வருஷம் யார் என்று நினைத்திருந்தாளோ, அந்த ஆளைத் தேடுகிற மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவ வாசிக்கியவங்க கையில விட்டிருக்கேன்" என்றேன்.

"வாசிக்கியவன் வந்து அந்தக் கட்டத்தில எழுதுவானா?"

"அப்பிடியில்ல, கதையில ஒரு முறை உண்டு..."

"கதையில பேரெல்லாம் மாத்திட்டியளே. அந்தக் கடுதாசியில ஒங்க பேர மாத்த முடியுமா?"

"ஏட்டி, எனக்கு வேலை போச்சுன்னா பிள்ளைகளுக்க கதி என்ன?"

அவள் எழுந்தாள். "அவருக்கும் பிள்ளைய உண்டு" என்றாள். "ஜெயபாய்க்க வெரல அவரு பிடிச்சப்பம் பிள்ளைய பக்கத்துல நிண்ணு பாத்திருக்கும்."

காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு இன்று காலைவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சி மட்டும் ஊற்றி வைத்தாள்.

ஆகவே வாசகரே, மன்னியுங்கள். உங்களிடம் கொடுக்க வைத்திருந்த முடிவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அது உங்களுடையது அல்ல.

12

இப்போது காலை ஒன்பதே முக்கால். கச்சேரியில் என் மேசையில் இருக்கிறேன். பத்து மணிக்குத் தபால் பை கட்டுவார்கள். மனு அதில் போக வேண்டும். இன்றுதான் கடைசி நாள். மனுவும் இந்தக் கதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கட்டத்தில் எழுதியது, பெயர்களைத் தவிர அப்படியே:

"மனுதாரர் விரல் பதிக்கும் பணியில் ஈடுபட்டதில்லை என்று 1953-இல் இக்கச்சேரியிலிருந்து சென்ற அறிக்கையை எழுதியவன் தலைமைக் குமாஸ்தாவாகிய நான். அவ்வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் அதைச் செய்யாததற்குக் காரணம், முதல் முறை அவர் கை நீட்டியபோது, எவரும் சொல்லாமல், நானே"

இங்கே பேனா நின்றுவிட்டது. இன்னும் ஒரு சொல். 'குறுக்கிட்டேன்' என்று எழுதினால் முடிந்தது. 'குறுக்கிட நேர்ந்தது' என்று எழுதினாலும் முடிந்தது. பின்னதை எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கும் ஒன்றும் கிடைக்காது. எனக்கு இரண்டுமே எழுத வரும்.

வராந்தாவில் ஆள் சத்தம். இன்று எங்கள் அட்டெண்டருக்கு லீவு. பத்திரம் எழுதுகிற செல்வதாஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறான்.

"சாரே, ஒரு அம்மா வந்திருக்காவ. வெரலு பிடிக்க ஆளு வேணும். கொஞ்சம் எழும்பி வாருங்க."

எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா, இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். என் முழங்கால்கள் ஏற்கெனவே அசைந்துவிட்டன. எழும்பி எழும்பிப் பழகியவை. எழுந்து போனால் அரை மணி நேரம் ஆகும், பை போய்விடும், வரியை முடிக்க முடியாமல் போனதற்கு எனக்கு நல்லதொரு காரணமும் கிடைத்துவிடும்.

"வாறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

செல்வதாஸ் மறுபடியும் கூப்பிடுகிறான்.

நாற்காலியில்தான் இருக்கிறேன், இதுவரை.